ஊர்ப்பேர் இல்லாத தலைப்பு

போன வெள்ளிக்கிழமை நிரோஜினியைத் தேடி ஒரு வாசகி வந்தாள்.

இன்டர்நெட்டில் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் உண்டா? எழுதுகிறார்கள், ஏற்றுகிறார்கள்... யார் வாசித்தார் என்று தெரியாது. பக்கத்தின் அடியில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு இலக்கம் ஓடும். அதில் பாதி, எழுதினவர்களே திறந்து திறந்து பார்த்தது. அப்படியிருக்க, ஒருத்தி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கையில் பிரின்ட் எடுத்த தாளோடு, "இந்தச் செய்தி எழுதின ஆள் யாரு?" என்று கேட்டால்?

"நான்தான்! நான்தான் எழுதினனான்!" என்று நிரோஜினி கதிரையை விட்டு எழும்பியே விட்டாள்.

நிரோஜினி யார் என்று புது வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வயது இருபத்து மூன்று. கம்பஸில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் அது எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் திருகோணமலை டவுனில் ஒரு நெட் கஃபேயைப் பார்த்துக்கொள்கிறாள். ஐந்து கொம்பியூட்டர் இருக்கிறது, மூன்று வேலை செய்யும். வெள்ளிக்கிழமைகளில் இந்தப் பத்தியை நான் ரைப் பண்ணி அனுப்புவது அங்கேயிருந்துதான்; அன்றைக்கும் அங்கேதான் இருந்தேன். ஆட்கள் குறைந்த நேரத்தில் அவள் 'பக்கத்து வீடு' என்று ஒரு பக்கம் நடத்துகிறாள் — உலகச் செய்திகளை இங்கிலீஷில் வாசித்து, தன் வயதுப் பெடி பெட்டைகளுக்காகத் தமிழில் சுருக்கிப் போடும் பக்கம். சம்பளம் இல்லை, விளம்பரம் இல்லை. ஆசை மட்டும்தான் இருக்கிறது.

வந்தவளுக்கு இருபத்தொரு வயது இருக்கும். தலையில் முக்காடு, நெஞ்சோடு அணைத்தபடி ஒரு ஃபைல். பெயர் சஃப்ரினா, ஊர் கிண்ணியா. ஃபைலைத் திறந்து இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

முதல் தாள் நிரோஜினியின் செய்தி. தலைப்பு, கொட்டை எழுத்தில்: 'பாதை நிறுத்தம் — கரையில் தவிக்கும் பயணிகள்!'

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். மற்றவர்கள் ஃபெரி என்பதை நாங்கள் பாதை என்போம். கிண்ணியாவிலிருந்து டவுனுக்கு வருவதென்றால், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் அந்தப் பாதைதான் கதி.

இரண்டாவது தாள் ஒரு கடிதம். ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத்துக்கு சஃப்ரினாவை அழைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி.

"உங்கட பாதை நிண்டதால நான் போகல்ல," என்றாள் அவள். "எங்கட பாதை ஓடிட்டுத்தான் இருந்திச்சி."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நாங்களும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பியிருப்போம்.

நிரோஜினி மெதுவாக உட்கார்ந்தாள். அந்தச் செய்தி கிண்ணியாவைப் பற்றியதே இல்லை. பங்களாதேஷில் ஒரு ஆறு. கடும் பனிமூட்டம். பாதை ஓடவில்லை, வாகனங்கள் வரிசையில் நிற்கின்றன, ஆட்கள் குளிரில் காத்திருக்கிறார்கள். அவ்வளவும் உள்ளே இருந்தது. பங்களாதேஷ் என்ற பெயரும் இருந்தது — மூன்றாவது பந்தியில்.

இனி என் பங்கைச் சொல்லவேண்டும்.

ஒரு மாதத்துக்கு முன் இதே இடத்தில் நான் எழுதினது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். இளம் ஆட்களை உலகச் செய்தி வாசிக்க வைப்பது எப்படி என்று வெளுத்து வாங்கியிருந்தேன். அந்தப் பத்திக்கு மூலகாரணம் நிரோஜினிதான். "அக்கா, ஒருத்தரும் வாசிக்கினமில்லை" என்று முகத்தைத் தொங்கப் போட்டிருந்தாள். பார்த்தேன். 'பங்களாதேஷ் உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்து அதிகாரிகள் தெரிவித்துள்ளதாவது' என்ற பாணியில் போய்க்கொண்டிருந்தது. எனக்கே கொட்டாவி வந்தது.

நான் விடுவேனா? இருபது வருசமாகப் பேப்பரில் எழுதுகிறவள் இல்லையா! கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உபதேசம் தொடங்கினேன்.

"வெளிநாட்டுப் பேரைக் கண்டாலே எங்கட பிள்ளையள் மற்றப் பக்கம் போயிடுங்கள். தலைப்பில ஊர்ப்பேர் போடாத. எங்கட சொல்லைப் போடு. ஃபெரி எண்டு எழுதாமல் பாதை எண்டு எழுது. தங்கட விசயம் எண்டு நினைச்சு உள்ளுக்கு வருவினம்."

"ஊர்ப்பேர் இல்லாமலா அக்கா? குழம்பிப் போகாதே?"

"உள்ளுக்கு வந்தால் தெரியும்தானே!"

அவளுக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. நான் அதைக் காதில் விழுத்தவில்லை. அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தப் பத்தியே இல்லை.

ஒரு விதத்தில் என் உபதேசம் பலித்தது. தங்கள் விசயம் என்றுதான் நினைத்தார்கள். உள்ளே மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை? நல்ல செய்தியென்றால் நாங்கள் ஆறுதலாக இருந்து வாசிப்போம். கெட்ட செய்தியென்றால் தலைப்போடு எழும்பிவிடுவோம். இந்த வருசங்கள் எங்களை அப்படிப் பழக்கியிருக்கின்றன. 'ஊரடங்காம்' என்று ஒருவர் சொன்னால், ஏன், எதற்கு, எத்தனை மணிக்கு என்றா விசாரிக்கிறோம்? பேக்கரிக்குப் பாண் வாங்க ஓடுகிறோம். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூப்பிட ஓடுகிறோம். மிச்சத்தை வீட்டுக்கு வந்து கேட்கிறோம்.

நிரோஜினி திங்கட்கிழமை பின்னேரம் செய்தியை ஏற்றிவிட்டு, நேரத்தோடு கடையைப் பூட்டினாள். அன்றைக்கே கிண்ணியாவில் யாரோ ஒரு கொம்பியூட்டரில் அந்தத் தலைப்பைக் கண்டிருக்கிறார்கள். செவ்வாய் காலை ஆறு மணிக்கு சஃப்ரினாவின் போனுக்கு அவளுடைய சிநேகிதியிடமிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. 'பாதை நிப்பாட்டியாம். வெளிக்கிட வேணாம்.' சிநேகிதி கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. நேர்முகம் இருப்பது தெரிந்து, அலையக்கூடாதே என்று அனுப்பினாள்.

சஃப்ரினா உடுத்து, சாப்பிட்டு, ஃபைலும் கையுமாக நின்றிருக்கிறாள். திரும்பப் போன் எடுத்துக் கேட்கப் பார்த்தால் சிக்னல் இல்லை. அது ஒன்றும் புதினம் இல்லை. முதல் நாள் பின்னேரம் மூதூர்ப் பக்கம் வெடிச் சத்தம் வேறு கேட்டிருந்தது. "நிலைமை சரியில்ல, மகள். பாதை நிண்டா சும்மாவா நிப்பாட்டுவாங்க? நீ போக வேணாம்" என்று வாப்பா சொல்லிவிட்டார்.

பத்து மணிக்கு, தயிர் விற்க டவுனுக்குப் போயிருந்த அடுத்த வீட்டுக்காரர் வெறுஞ்சட்டிகளோடு திரும்பி வந்தார். எந்த வழியால் வந்தார்? பாதையால்தான்.

அவள் விழுந்தடித்துப் போனாள். பாதை, பஸ், சீனன்குடா செக்பொயின்டில் இறங்கி நடந்து திரும்ப ஏறி... அலுவலகத்துக்குப் போய்ச் சேர, நேர்முகம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம். அன்று பின்னேரமே சிநேகிதியை விசாரித்து, அந்தத் தலைப்பு வந்த பக்கத்தையும் அதில் இருந்த கடை விலாசத்தையும் பிடித்துவிட்டாள்.

ஆனால் ஒரு வழி இருந்தது. தக்க காரணத்தால் வர முடியாமல் போனவர்களுக்கு இன்னொரு நாள் வைப்பார்கள். எங்கள் மாவட்டத்தில் அப்படி வைக்காமல் எந்த அலுவலகமும் நடத்த ஏலாது. செக்பொயின்டில் மறித்தார்கள், ஊரடங்கு போட்டார்கள், பாதை நின்றது... எதற்கும் ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடிதம் வாங்குவதும் கொடுப்பதும் எங்களுக்குச் சாப்பாடு மாதிரிப் பழகிவிட்டது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மூன்று மணி.

சஃப்ரினா பாதைத் துறையடிக்குப் போய்க் கடிதம் கேட்டிருக்கிறாள். அங்கே இருந்தவர் சிரித்தாராம்.

"நிண்ட பாதைக்குக் கடிதம் தரலாம், தங்கச்சி. ஓடின பாதைக்கு என்னண்டு தாற?"

நியாயம்தானே? பாதை உண்மையாகவே நின்றிருந்தால் அவளுக்கு இன்னொரு நாள் கிடைத்திருக்கும். நிற்காத பாதை நின்றதென்று நம்பினதற்கு எந்தக் கந்தோரில் கடிதம் கொடுப்பார்கள்?

"அதான் உங்களத் தேடி வந்த," என்றாள். "நீங்கதான் தரணும்."

சுவரில் மணிக்கூடு ஒன்றரை காட்டியது.

நிரோஜினி மேசை இழுப்பறையைத் திறந்தாள். வெள்ளைத் தாளை எடுத்தாள். எழுதினாள். 'திங்கட்கிழமை எங்கள் பக்கத்தில் வெளிவந்த பாதை நிறுத்தம் என்ற செய்தி பங்களாதேஷைப் பற்றியது. தலைப்பில் ஊர்ப்பேரைப் போடாதது எங்கள் பிழை. அதனால் கிண்ணியாப் பாதை நின்றதாக ஆட்கள் நம்பினார்கள். இவர் நேர்முகத்துக்கு வராததற்கு அதுவே காரணம்.' கீழே தன் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து.

பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினாள். "அக்கா, உங்கட பேரும் இருந்தால் மதிப்பினம்."

வாசகர்களே, உண்மையைச் சொல்கிறேன். நான் பயந்தேன்.

காலம் அப்படி. 'பாதை நின்றதாக ஆட்களை நம்பவைத்தவர்கள் நாங்கள்' என்று எழுதி, அதற்குக் கீழே அடையாள அட்டை இலக்கத்தோடு கையெழுத்தும் வைப்பதென்றால்? இதை வேறு யாராவது எடுத்து, வேறு மாதிரி வாசித்தால்? வதந்தி பரப்பினவர்கள் என்று ஒரு சொல் இருக்கிறதே, அது எந்த நேரம் எவர் தலையில் விழும் என்று யாருக்குத் தெரியும்? பேனாவைத் தேடுகிற மாதிரிப் பையைக் கிண்டினேன். பேனா என் கையில்தான் இருந்தது.

இருபத்து மூன்று வயதுப் பெட்டை யோசிக்காமல் வைத்த கையெழுத்து. யோசனை சொன்ன நான்... மணிக்கூட்டைப் பார்க்கிறேன்.

சஃப்ரினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. அந்தப் பார்வைக்கு மேல் பையைக் கிண்ட என்னால் முடியவில்லை. கையெழுத்தைப் போட்டேன். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

மூன்று பேருமாக ஓட்டோ பிடித்து அந்த அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். காரணம் உங்களுக்கே விளங்கும்.

அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பங்களாதேஷ் எண்டு ஒரு சொல்லுப் போடத் தலைப்பில இடம் காணாமல் போயிட்டுதோ?"

நிரோஜினி தலையைக் குனிந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

"போட வேண்டாம் எண்டு சொன்னது நான்தான், ஐயா," என்றேன்.

"நீங்களோ? நீங்கள் பேப்பரில எழுதுறனீங்கள் எல்லோ?"

"ஓம்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். ஒரு பட்டியலை எடுத்து, சஃப்ரினாவின் பெயருக்கு நேரே காரணம் என்ற இடத்தில் 'பயணத் தடங்கல்' என்று எழுதினார். எங்கள் கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

"இதை ஃபைலில போட ஏலாது. ஃபைலைப் பார்க்கிறவை எல்லாரும் என்னைப் போல வாசிப்பினம் எண்டு சொல்ல ஏலாதுதானே. கிழிச்சுப் போடுங்கோ." பிறகு சஃப்ரினாவைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய். எட்டு மணிக்கே வந்து இருங்கோ."

வெளியே வந்ததும் நிரோஜினி அழுதாள். கையெழுத்து வைத்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. சஃப்ரினா அவள் தோளைத் தடவிக் கொடுத்தாள். யார் யாரைத் தேற்றவேண்டும்? எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

கிண்ணியா பஸ்ஸுக்காக அவளோடு நின்றோம். மூன்று பேருக்கும் பால் விடாத பிளேன்ரீ வாங்கினேன். பாதி குடித்த பிறகு சஃப்ரினா கேட்டாள்:

"மிஸ், அந்த ஆக்கள் பொறகு கடந்தாங்களா?"

"எந்த ஆக்கள்?"

"பங்களாதேஷ்ல கரையில நிண்ட ஆக்கள். வேன் ஒண்டுக்குள்ள ஒரு புள்ளத்தாச்சி ஆஸ்பத்திரிக்குப் போகேலாம இருந்தா எண்டு எழுதியிருந்தீங்களே. நான் மூணு தரம் வாசிச்சன். கடசியில என்ன நடந்திச்சிண்டு போடல்லயே."

நிரோஜினி என்னைப் பார்த்தாள். நான் நிரோஜினியைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அதைவிட, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. அது திங்கட்கிழமைச் செய்தி. செவ்வாய்க்கு வேறு செய்தி போட்டாயிற்று.

யோசித்துப் பாருங்கள். அந்தச் செய்தியால் நேர்முகத்தைப் பறிகொடுத்தவள் அவள். அதைத் திட்டித் தீர்த்திருக்கலாம். அவளோ, தன் காலை எப்படிக் கெட்டது என்று அறிய உள்ளே போனவள், அங்கே குளிரில் தவித்த ஒருத்தியைக் கண்டு, அவளுக்கு என்ன ஆனது என்று நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். உலகச் செய்தி வாசிக்க ஆளில்லை என்று நானும் நிரோஜினியும் ஒப்பாரி வைத்தோமே, அந்த ஆள் எங்களுக்குப் பக்கத்தில் நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் இளம் ஆட்களுக்கு உலகத்தில் அக்கறையில்லை என்று இனி நான் எழுதமாட்டேன். அவர்களுக்கு வீட்டு வாசலிலேயே தாங்க முடியாத அளவு செய்தி இருக்கிறது. அதற்கு மேல் வருகிற செய்தியில் அதிகாரிகள் தெரிவிக்கிறார்கள், அமைச்சர்கள் மறுக்கிறார்கள். பாண் வந்ததா? பள்ளிக்கூடம் திறந்ததா? நின்றவர்கள் கடந்தார்களா? நாங்கள் ஒருவரை ஒருவர் காணும்போது கேட்கிற இந்தக் கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. நான் சொன்ன மருந்து, ஊர்ப்பேரை மறைத்து அவர்களை ஏமாற்றி உள்ளே கூட்டிவருவது. சஃப்ரினா ஊர்ப்பேர் தெரிந்த பிறகுதான் ஒழுங்காக வாசித்தாள்.

அன்று பின்னேரமே நிரோஜினி தேடத் தொடங்கினாள். எங்கள் லைன் தெரியும்தானே, ஒரு பக்கம் திறப்பதற்குள் சோறு வடித்துவிடலாம். பெரிய செய்தித் தளங்கள் எல்லாவற்றையும் துழாவினாள். பாதை நின்றது எல்லாவற்றிலும் இருந்தது. திரும்ப ஓடியது ஒன்றிலும் இல்லை. நாங்கள் மட்டுமில்லை, உலகமே அப்படித்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

கடைசியில், அந்த ஆற்றுப்பக்கத்தைச் சேர்ந்த ஒரு மாணவன் இங்கிலீஷில் எழுதும் பக்கம் ஒன்று கிடைத்தது. அவனுக்கு ஈமெயில் போட்டாள். புதன்கிழமை பதில் வந்தது.

பத்து மணியளவில் பனி விலகியதாம். அவனுடைய மாமி துறையடியில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருக்கிறாவாம், அவவைக் கேட்டு எழுதியிருந்தான். முதல் பாதையிலேயே அந்த வேனை ஏற்றினார்களாம். முன்னால் நின்ற லொறிக்காரர்கள் ஒதுங்கி இடம் விட்டார்களாம். பின்னேரத்துக்குள் எல்லோரும் கடந்துவிட்டார்கள். கீழே ஒரு வரி: 'இதை எங்களிடம் யாரும் கேட்டதில்லை. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?'

நிரோஜினி என்னைக் கேட்காமலே பதில் எழுதினாள். நல்ல காலம், கேட்டிருந்தால் நான் பெரிதாக ஏதாவது சொல்லிக் கெடுத்திருப்பேன். அவள் எழுதியது இவ்வளவுதான்: 'எங்கள் ஊரிலும் ஒரு பாதை இருக்கிறது.'

அன்றைக்கே 'பக்கத்து வீட்டில்' புதுச் செய்தி ஏறியது. தலைப்பு: 'பங்களாதேஷ்: பனி விலகியது, கரையில் நின்ற எல்லோரும் கடந்தார்கள்.' கொட்டை எழுத்து இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. அதன் கீழே இப்போது கருத்துகள் வந்துகொண்டிருக்கின்றன. 'அங்க பாதைக்கு ரிக்கெட் உண்டா?' 'செக்பொயின்ட் இருக்கா?' 'பனிக்கு மட்டும்தான் நிப்பாட்டுவாங்களா? குடுத்து வச்ச ஆக்கள்!' கடைசியாகச் சொன்னதை யார் எழுதியது என்று தெரியவில்லை. நான் அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கிழிக்கச் சொன்ன கடிதத்தை நான் கிழிக்கவில்லை. வீட்டில் வைத்திருக்கவும் பயம், கிழிக்கவும் மனமில்லை. ஆகவே அதில் இருந்ததை இங்கே அச்சில் போட்டுவிடுகிறேன், பிழை சொன்ன இடத்தில்தானே திருத்தமும் சொல்லவேண்டும்: அந்தச் செவ்வாய்க்கிழமை கிண்ணியாப் பாதை நிற்கவில்லை. நின்றதென்று உங்களில் வேறு யாராவது நம்பி, ஏதாவது ஒன்றை இழந்திருந்தால், அது நான் சொல்லிக்கொடுத்த வித்தையால் வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

சஃப்ரினாவின் நேர்முகம் வருகிற செவ்வாய்க்கிழமை காலை. அன்றைக்கு உங்கள் போனுக்கு 'பாதை நிறுத்தமாம்' என்று ஏதும் வந்தால், அடுத்த ஆளுக்கு அனுப்ப முன் ஒரேயொரு சொல் திருப்பிக் கேளுங்கள்...

எங்கே?